மூளைக்குக் காவல்

மாணவர்களே, உடம்பில் காயம் பட்டால் தோல் வளர்ந்து மூடிக்கொள்கிறது. எலும்பு முறிந்தால் கூடுகிறது. குருதி சிந்தினால் சில வாரங்களுக்குள் புதுக்குருதி ஊறிவிடுகிறது. ஈரலின் ஒரு பகுதியை அறுத்தெடுத்தாலும் அது மீண்டும் வளரும் இயல்புடையது. ஆனால் மூளையிலுள்ள நரம்பணு ஒன்று மடிந்தால், அதன் இடத்தை நிரப்ப மற்றொன்று பெரும்பாலும் பிறப்பதில்லை. நாம் கற்ற பாடமும், தாயின் முகமும், நடக்கும் நடையும் அந்த அணுக்களிலும் அவற்றின் இணைப்புகளிலும் பதிந்து கிடக்கின்றன. அவை அழிந்தால் அவற்றோடு நம்மில் ஒரு பகுதியும் அழிகிறது.

ஆகவே, நோய்க்கிருமி மூளைக்குள் புகுந்துவிட்டால் உடம்புக்குப் பெரும் இக்கட்டு நேர்கிறது. வேறு உறுப்புகளில் கிருமி குடிகொண்ட அணுவை அந்தக் கிருமியோடு சேர்த்தே அழித்துவிடலாம். புதிய அணு வந்துவிடும். மூளையில் அவ்வாறு செய்தால் நோய் போகும். அதனோடு பேச்சும் போகலாம், நினைவும் போகலாம், கைகால் அசைவும் போகலாம். பகைவனை ஒழிக்கவும் வேண்டும், அவன் புகுந்திருக்கும் வீட்டை இடிக்காமல் காக்கவும் வேண்டும். இந்த அரிய செயலை உடம்பு எவ்வாறு செய்கிறது, மனிதன் அதனை எவ்வாறு கண்டறிந்தான் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். இவ்வரலாற்றின் இரண்டு முக்கியமான ஏடுகள் நம் தமிழ்நாட்டிலேயே எழுதப்பட்டன. ஒன்று குன்னூரில் எழுதப்பட்டது; மற்றொன்று வேலூரில் எழுதப்பட்டது.

தேனிக்குத் தெற்கே கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்து, அங்குள்ள பள்ளிகளிலேயே முப்பதாண்டுகளுக்கு மேல் பாடம் சொன்னவன் நான். எங்கள் பள்ளத்தாக்கு எத்தகையது என்பதைச் சிறிது சொல்ல வேண்டும். 1895 ஆம் ஆண்டில் பெரியாற்று அணை கட்டி முடிக்கப்பட்டு, மலையைக் குடைந்த குகைவழியே நீர் கிழக்கே திருப்பப்பட்டது. அந்நீரால் இன்று கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நிலம் இருபோகம் விளைகிறது. நாற்று நட்ட வயலில் நீர் தேங்கி நிற்கும். அதில் வெண்கொக்குகள் இறங்கி மேயும். அந்தி சாய்ந்தால் கொசுக்கள் எழும்பும். தெருமுனையில் நாலைந்து நாய்கள் படுத்திருக்கும். இவை தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் நாள்தோறும் காணும் காட்சிகளே. ஆயினும், மூளையைத் தாக்கும் இரண்டு பெரும் நோய்களின் வரலாறு இந்த நாயையும் இந்த வயலையும் சுற்றியே நிகழ்ந்தது. நாயினால் வருவது வெறிநோய். வயற்கொசுவினால் வருவது மூளைக்காய்ச்சல். இரண்டுக்கும் காரணம் வைரஸ் என்னும் நுண்பொருள்.

வைரஸ் என்பது நம் உடலணுவைவிடப் பன்மடங்கு சிறியது. தனியே இருந்து பெருகும் ஆற்றல் அதற்குக் கிடையாது. உயிரணு ஒன்றினுள் நுழைந்து, அங்குள்ள கருவிகளையெல்லாம் தனக்கு வேலைசெய்ய வைத்து, தன்னைப்போல் ஆயிரக்கணக்கில் படைத்துக்கொள்வது அதன் வழக்கம்.

முதலில் வெறிநாய்க்கடியின் வரலாற்றைப் பார்ப்போம். 1885 ஆம் ஆண்டு ஜூலை 6 ஆம் நாள், பாரிஸ் நகரில் லூயி பாஸ்டர் என்ற அறிஞர், வெறிநாயால் கடிக்கப்பட்ட ஜோசப் மெய்ஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தம் தடுப்பு மருந்தைச் செலுத்தத் தொடங்கினார். வெறிநோயால் இறந்த முயலின் தண்டுவடத்தை உலர்த்தி, அதன் நச்சு வலிமையைக் குறைத்து, அதிலிருந்து அம்மருந்தை அவர் ஆக்கியிருந்தார். சிறுவன் பிழைத்தான். வைரஸ் என்று ஒன்று உண்டு என்பதே அக்காலத்தில் யாருக்கும் தெளிவாகத் தெரியாது.

கடிபட்ட பின் ஊசி போட்டால் எப்படிப் பயன் விளையும் என்று நீங்கள் கேட்கலாம். அம்மை முதலிய நோய்களுக்கு முன்னரே அன்றோ தடுப்பூசி போடுகிறோம்? இங்கே வெறிநோயின் தனிப்பண்பு ஒன்றை அறிய வேண்டும். நாயின் உமிழ்நீரோடு சதையில் இறங்கும் வைரஸ், குருதியில் கலந்து ஓடுவதில்லை. அருகிலுள்ள நரம்பின் நுனியைப் பற்றிக்கொண்டு, அந்நரம்பின் உள்ளாகவே மூளையை நோக்கி மெல்ல நகர்கிறது. இந்தப் பயணத்திற்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்கள் ஆகின்றன. சிலருக்கு ஒரு வாரத்திலும் முடியலாம், சிலருக்கு ஓராண்டும் ஆகலாம். காலில் கடித்தால் வழி நீளம். முகத்தில் கடித்தால் வழி குறுகியது.

நம் உடம்பின் காவலர்களோ குருதியிலும், நிணநீரிலும், கழுத்து அக்குள் முதலிய இடங்களிலுள்ள நெறிக்கட்டிகளிலும் இருப்பவர்கள். நரம்பின் உள்ளே பதுங்கிச் செல்பவனை அவர்கள் காண்பதில்லை. அவன் மூளையை அடைந்து பெருகிய பின்னரே அவர்களுக்குச் செய்தி எட்டுகிறது. அப்போது காலம் கடந்துவிடுகிறது. நோய்க்குறி தோன்றிவிட்டால் வெறிநோயிலிருந்து பிழைத்தவர் உலகெங்கும் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே.

பாஸ்டரின் ஊசி செய்த வேலை இதுதான்: வைரஸ் நரம்பு வழியே நடந்துகொண்டிருக்கும்போதே, அதன் வலிமையற்ற உருவத்தைத் தோலின் கீழ்ச் செலுத்திக் காவலர்களை எழுப்பிவிட்டது. உடம்பு உடனே எதிர்ப்பொருள் என்னும் காப்புப் பொருளை ஆக்கத் தொடங்குகிறது. அதற்கு ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை வேண்டும். வைரஸ் மூளையை அடைவதற்குள் எதிர்ப்பொருள் முந்திக்கொண்டால் உயிர் பிழைக்கும். ஆகவே இது ஓர் ஓட்டப்பந்தயம். இதில் ஒரு நாள் தாமதமும் பெரிது.

இந்தியாவில் இத்தகைய மருத்துவ நிலையம் முதன்முதலில் 1900 ஆம் ஆண்டில் இமயமலைச் சாரலிலுள்ள கசௌலியில் நிறுவப்பட்டது. ஓட்டப்பந்தயம் என்றேன், நம் தென்னாட்டவர் ஒருவர் கடிபட்டபின் இந்தியாவின் வடகோடி வரை பயணம் செய்ய வேண்டியிருந்தால் பந்தயத்தில் வெல்வது யார் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். 1902 இல் ஆங்கிலப் பெண் ஒருவர் வெறிநாய்க்கடியால் இறந்ததும், தெற்கிலும் ஒரு நிலையம் வேண்டும் என்ற குரல் வலுத்தது. அமெரிக்கச் செல்வர் ஹென்றி பிப்ஸ் என்பவர் வைசிராய் கர்சன் பிரபுவிடம் அளித்த நன்கொடையின் ஒரு பகுதியும் இதற்கு உதவிற்று. 1907 ஆம் ஆண்டில் நீலகிரி மலையில் குன்னூரில் தென்னிந்தியப் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது.

1911 இல் கசௌலியில் டேவிட் செம்பிள் என்ற மருத்துவர், வைரஸ் செலுத்தப்பட்ட ஆட்டின் மூளையை அரைத்து, அதிலுள்ள வைரஸைப் பீனால் என்னும் மருந்தால் கொன்று, புதிய தடுப்பூசி ஒன்றை அமைத்தார். செய்வதற்கு எளியது, விலையும் குறைவு. இந்தியாவில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் எண்ணற்ற உயிர்களைக் காத்தது அந்த ஊசியே. 'தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி' என்று நாட்டுப்புறத்தில் அச்சத்தோடு சொல்வார்களே, அது இதுதான்.

அந்த அச்சமும் உயிருக்கு ஆபத்தாக முடிந்தது என்பதை நான் நேரில் அறிவேன். நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் நொண்டியபடி வந்தான். முள் குத்திவிட்டது என்றான். நான்காம் நாள் கட்டை அவிழ்க்கச் சொல்லிப் பார்த்தபோது, கெண்டைக்காலில் பல் பதிந்த தடம் இருந்தது. அதன்மேல் சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும் அப்பியிருந்தன. "அப்பத்தாகிட்ட மட்டும்தான் சொன்னேங்க ஐயா. பதினாலு ஊசி போடுவாங்களாமே" என்று அழுதான். அன்றே அவனை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். பதினான்கு நாளும் அவனோடு ஒரு தோழனை அனுப்பினோம். அவன் இன்று பேரன் பேத்தி எடுக்கும் வயதை நெருங்கிக்கொண்டிருக்கிறான். அவனைப்போல் சொல்லாமலே இருந்துவிட்ட பிள்ளைகள் எத்தனை பேரோ!

ஆயினும் செம்பிள் ஊசியைப்பற்றி மருத்துவர்களுக்கும் ஒரு கவலை இருந்தது. ஊசி போட்டுக்கொண்டவர்களில் மிகச் சிலருக்கு, வெறிநோய் வராமலே, கைகால் வாதமும் மூளை அழற்சியும் வந்தன. காரணம் யாது? 1933 ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரில் ராக்பெல்லர் நிலையத்தைச் சேர்ந்த தாமஸ் ரிவர்ஸும் அவருடைய துணைவர்களும் இதனை ஆராய்ந்தார்கள். நோயற்ற முயலின் மூளையைச் சாறாக்கிக் குரங்குகளுக்குப் பன்முறை செலுத்தினார்கள். அதில் வைரஸ் எதுவும் இல்லை. ஆயினும் சில குரங்குகளுக்கு வாதம் கண்டது. அவற்றின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்தபோது, நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் என்ற கொழுப்புறை சிதைந்திருந்தது.

இதன் பொருள் மிகவும் ஆழமானது. ஊசியில் வைரஸோடு ஆட்டின் மூளைப்பொருளும் சேர்ந்து உடம்பினுள் சென்றது. காவலர்கள் வைரஸை அடையாளம் கண்டது போலவே, மூளைப்பொருளையும் பகைப்பொருளாக எண்ணிப் பயின்றுகொண்டார்கள். பின்னர் சொந்த மூளையில் அதே பொருளைக் கண்டபோது அதன்மேல் பாய்ந்துவிட்டார்கள். மூளையைக் காக்கும் ஆற்றலே மூளையை அழிக்கவும் வல்லது என்ற உண்மை இவ்வாறு வெளிப்பட்டது.

இவ்வளவு ஆபத்து உள்ளதனால்தான் இயற்கை மூளைக்குத் தனிக் காவல் அமைத்திருக்கிறது. அக்காவலையும் அறிஞர்கள் படிப்படியாகவே கண்டறிந்தார்கள். பாஸ்டர் ஊசி போட்ட அதே 1885 இல், செருமானிய நாட்டில் பால் எர்லிக் என்பவர் விலங்குகளின் குருதியில் சாயத்தைச் செலுத்தினார். எல்லா உறுப்புகளிலும் சாயம் ஏறியது. மூளையில் மட்டும் ஏறவில்லை. 1913 இல் அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மன், சாயத்தை மூளையைச் சூழ்ந்துள்ள நீரிலேயே செலுத்தினார். இப்போது மூளை நிறம் பெற்றது. உடம்பின் பிற பகுதிகள் நிறம் பெறவில்லை. இரண்டுக்கும் இடையே ஏதோ ஒரு தடை இருக்கிறது என்பது புலனாயிற்று. 1967 இல் மின்னணு நுண்ணோக்கியின் உதவியால், மூளையின் நுண்குழாய்ச் சுவரிலுள்ள அணுக்கள் இடைவெளியின்றி ஒன்றோடொன்று இறுகப் பொருந்தியிருப்பதைக் கண்டார்கள். நல்ல கொத்தன் சந்து தெரியாமல் கல் அடுக்குவதைப்போல அவை அடுக்கப்பட்டுள்ளன.

1948 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பீட்டர் மெடவார் செய்த சோதனை இதைவிட வியப்பானது. ஒரு முயலின் தோலை மற்றொரு முயலின் உடம்பில் ஒட்டினால், அது அயலானது என்று உணர்ந்து உடம்பு தள்ளிவிடும். அதே தோலை மூளையினுள் வைத்தபோது தள்ளவில்லை. அங்கே அது பிழைத்திருந்தது. ஆகவே மூளையில் காவலே இல்லை என்று முடிவு கட்டலாமா? மெடவார் மேலும் ஒரு சோதனை செய்தார். அதே தோலை முன்னரே உடம்பின்மேல் ஒட்டிப் பழக்கிய முயலின் மூளையில் வைத்துப் பார்த்தார். அப்போது மூளையும் அதனைத் தள்ளிவிட்டது. மூளையினுள்ளிருந்து அபாயச் செய்தி எளிதில் வெளியே வருவதில்லை. ஆனால் வெளியே பயிற்சி பெற்ற காவலர்கள் மூளைக்குள் நுழைய வல்லவர்கள் என்பது இதனால் தெரிந்தது. இந்த ஒரு செய்தியை மட்டும் மனத்தில் இருத்திக்கொண்டு, இனி வேலூருக்குச் செல்வோம்.

1955 ஆம் ஆண்டு. அன்றைய சென்னை மாநிலத்து வட ஆர்க்காடு மாவட்டத்தில், வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பகுதிக்குக் கடுங்காய்ச்சலோடும் வலிப்போடும் நினைவு தப்பிய நிலையில் குழந்தைகள் கொண்டுவரப்பட்டார்கள். பெரும்பாலோர் சிற்றூர்க் குழந்தைகள். வெப், பெரைரா என்னும் மருத்துவர்கள், இது கொசு முதலியவற்றால் பரவும் வைரஸ் மூளைக்காய்ச்சலாக இருத்தல் வேண்டும் என்று கருதினார்கள். அவர்களுடைய கட்டுரை 1956 இல் வெளிவந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ராக்பெல்லர் நிறுவனமும் சேர்ந்து 1952 இல் புனே நகரில் அமைத்திருந்த வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டெல்போர்ட் வொர்க், கீர்த்தி ஷா என்னும் அறிஞர்கள் குருதியைச் சோதித்து, இது ஜப்பானிய மூளைக்காய்ச்சலே என்று அறிவித்தார்கள். 1958 இல் வேலூர் நோயாளி ஒருவரின் மூளையிலிருந்தே அந்த வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது.

வைரஸைக் கண்ணால் காணுமுன் குருதியைக் கொண்டு எவ்வாறு நோயைச் சொன்னார்கள்? வரலாறு படிக்கும் மாணவர்கள் இதனைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு வைரஸுக்கும் உடம்பு தனித்தனி எதிர்ப்பொருளை ஆக்குகிறது. நோய் நீங்கிய பின்னும் அது குருதியில் நெடுங்காலம் நிற்கிறது. கோயிற் சுவரிலுள்ள கல்வெட்டு எந்த மன்னன் வந்து போனான் என்று சொல்வதைப்போல, குருதியிலுள்ள எதிர்ப்பொருள் எந்தப் பகைவன் வந்து போனான் என்று சொல்லிவிடுகிறது.

அந்நோய்க்கு ஜப்பானின் பெயர் அமைந்ததற்குக் காரணம், 1924 இல் அந்நாட்டில் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரை அது தாக்கியதும், 1935 இல் வைரஸ் அங்கே பிரித்தறியப்பட்டதும் ஆகும். நெல்வயல் நீரில் பெருகும் கியூலெக்ஸ் இனக் கொசுக்களே அதனைப் பரப்புகின்றன. கொக்கு, நாரை முதலிய நீர்ப்பறவைகளின் குருதியிலும் பன்றியின் குருதியிலும் வைரஸ் பெருகுகிறது; அங்கிருந்து கொசு அதனை எடுத்துவந்து மனிதனுக்குத் தருகிறது. மனிதனிடமிருந்து அது மேலும் பரவுவதில்லை. வட ஆர்க்காட்டுக் கொசுக்களின் வகைகளையும் வழக்கங்களையும் ரேச்சல் ரூபன் என்ற பெண் அறிஞர் விரிவாக ஆராய்ந்து 1971 இல் வெளியிட்டார்.

இனி, கொசு கடித்த பின் உடம்பினுள் நடப்பதைப் பார்ப்போம். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு ஒன்று உங்களுக்கு ஆறுதல் தரும். இவ்வைரஸ் தொற்றியவர்களில் ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கே கடும் நோய் காண்கிறது. மற்ற 249 பேர் சிறு காய்ச்சலோடோ, காய்ச்சலே இல்லாமலோ தப்பிவிடுகிறார்கள். வெறிநோய் வைரஸைப்போல் இது நரம்பினுள் மட்டும் ஒளிந்து செல்வதில்லை; குருதிவழி வருகிறது. வருமிடத்தில் காவலர்கள் விழித்திருக்கிறார்கள். வைரஸ் புகுந்த அணு முதலில் தன் அண்டையிலுள்ள அணுக்களுக்கு எச்சரிக்கைப் பொருள் ஒன்றை விடுக்கிறது. 1957 இல் இலண்டனில் ஐசக்ஸும் லிண்டன்மனும் கண்டறிந்து இன்டர்பெரான் என்று பெயரிட்டது இதனையே. அதனைப் பெற்ற அணுக்கள் வைரஸ் பெருக முடியாதபடி தம் கதவுகளை அடைத்துக்கொள்கின்றன. இதற்குள் நெறிக்கட்டிகளில் எதிர்ப்பொருள் ஆக்கப்பட்டுக் குருதியில் பரவி வைரஸைப் பற்றிச் செயலிழக்கச் செய்கிறது. 249 பேருக்குப் போர் மூளைக்கு வெளியிலேயே முடிந்துவிடுகிறது.

எஞ்சிய அந்த ஒருவருக்குத்தான் வைரஸ் தடையைக் கடந்து மூளையினுள் நுழைகிறது. அங்கே அதனை முதலில் எதிர்ப்பவை மைக்ரோகிளியா என்னும் சிற்றணுக்கள். இவற்றை 1919 இல் ஸ்பெயின் நாட்டு அறிஞர் ரியோ ஓர்த்தேகா பிரித்துக் காட்டினார். பிறகு குருதியிலுள்ள டி-அணுக்கள் என்னும் வெள்ளையணுக்களும், எதிர்ப்பொருளை ஆக்கும் பி-அணுக்களும் தடையைக் கடந்து உள்ளே வருகின்றன. யார் முந்துகிறார் என்பதைப் பொறுத்தே முடிவு அமைகிறது. 1985 இல் தாய்லாந்து நோயாளிகளை ஆராய்ந்து வெளியிட்ட ஒரு கட்டுரையில் டொனால்ட் பர்க் முதலியோர் இதனைத் தெளிவாகக் காட்டினார்கள். தண்டுவட நீரில் எதிர்ப்பொருள் மிகுதியாக இருந்தவர்கள் பெரும்பாலும் பிழைத்தார்கள்; அது குறைந்து, வைரஸ் உயிரோடு காணப்பட்டவர்கள் இறந்தார்கள்.

வந்த வீரர்கள் நரம்பணுவைக் கொல்லாமல் வைரஸை மட்டும் எவ்வாறு நீக்குகிறார்கள்? தொடக்கத்தில் நாம் எழுப்பிய வினா இதுவே. விடை 1991 இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. எகிப்தில் கொசுக்களில் கண்டறியப்பட்ட சிந்துபிஸ் என்னும் மற்றொரு வைரஸைச் சுண்டெலிகளின் மூளையில் வைத்து, பெத் லெவின், டயேன் கிரிபின் முதலியோர் ஆராய்ந்தார்கள். எதிர்ப்பாற்றலே இல்லாத எலிகளின் நரம்பணுக்களில் வைரஸ் நீங்காமல் தங்கியிருந்தது. அவற்றுக்கு எதிர்ப்பொருளை மட்டும் வெளியிலிருந்து செலுத்தினார்கள். நரம்பணுக்கள் சாகவில்லை, அவற்றினுள் வைரஸ் பெருகுவது மட்டும் அடங்கிப்போயிற்று. மூளையில் எதிர்ப்பொருள் வாளெடுத்து வெட்டுவதில்லை, வாயைக் கட்டிவிடுகிறது. அடங்கிய வைரஸின் எச்சம் அணுவினுள் நெடுநாள் கிடப்பதும் உண்டு. ஆதலால் எதிர்ப்பொருள் ஆக்கும் அணுக்களில் சில, போர் முடிந்த பின்னும் மூளையிலேயே தங்கிக் காவல் இருக்கின்றன.

எப்போதும் இவ்வளவு நயமாக முடிவதில்லை. மைக்ரோகிளியா அணுக்கள் அளவுமீறிக் கிளர்ந்தால் அவை சுரக்கும் பொருள்களே அருகிலுள்ள நல்ல நரம்பணுக்களையும் கெடுக்கின்றன. மண்டையோடு விரிந்து கொடுக்காது; ஆகவே அழற்சியால் மூளை வீங்கினால் அதற்கு இடமில்லை. நோய் முற்றியவர்களில் நூற்றுக்கு முப்பதின்மர் வரை இறக்கிறார்கள். பிழைத்தவர்களிலும் நூற்றுக்கு இருபது முதல் முப்பது பேருக்குப் பேச்சுக்குறை, கைகால் முடக்கம், வலிப்பு, அறிவுத்தளர்ச்சி ஆகியவற்றில் ஒன்று வாழ்நாள் முழுதும் தங்கிவிடுகிறது. இதில் வைரஸ் செய்த கேடு எவ்வளவு, காவலர்கள் செய்த கேடு எவ்வளவு என்று பிரித்தல் அரிது. அவ்வைரஸைக் கொல்லும் தனிமருந்து இன்றளவும் இல்லை.

மூளை முற்றிலும் தனித்து நிற்கிறது என்று நெடுங்காலம் எண்ணியதும் 2015 இல் திருத்தப்பட்டது. மூளையின் மேலுறையில் நிணநீர்க் குழாய்கள் இருப்பதை அமெரிக்காவிலும் பின்லாந்திலும் ஆய்வாளர்கள் சுண்டெலிகளில் கண்டார்கள். அவை கழுத்திலுள்ள நெறிக்கட்டிகளோடு தொடர்புடையவை. மூளையிலிருந்து செய்தி வெளியே போகிறது. ஆனால் மெல்லப் போகிறது. வீரர்களுக்குப் பயிற்சியளிக்கும் களம் என்றும் மூளைக்கு வெளியிலேதான் இருக்கிறது.

மாணவர்களே, குன்னூரும் வேலூரும் கற்பித்த பாடம் இப்போது ஒன்றாகச் சேர்வதைக் காணலாம். மூளைக்குள் நடக்கும் போரில் வென்றாலும் இழப்பு உண்டு. ஆகவே மூளைக்கு வெளியிலேயே வெல்ல வேண்டும். அதற்குக் காவலர்களை முன்கூட்டியே பயிற்ற வேண்டும். பயிற்றும்போது மூளையையே பகையாகக் கருதும் தவறான பாடத்தைக் கற்பித்துவிடலாகாது. இவ்விரு நெறிகளையும் நம் நாடு மெல்ல மெல்ல நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆட்டு மூளையிலிருந்து ஆக்கிய பழைய வெறிநாய்க்கடி ஊசி 2004 ஆம் ஆண்டு இறுதியில் இந்தியாவில் நிறுத்தப்பட்டது. இன்றைய ஊசி ஆய்வகத்தில் வளர்க்கும் அணுக்களில் ஆக்கப்படுவது. அதில் மூளைப்பொருள் இல்லை. தொப்புளைச் சுற்றி அன்று, கையிலே நான்கைந்து முறை போட்டால் போதும். மூளைக்காய்ச்சலுக்கு, 2005 இல் கோரக்பூரில் ஏராளமான குழந்தைகளைப் பறிகொடுத்த பின், 2006 முதல் நோய் மிகுந்த மாவட்டங்களில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டு வருகிறது. கருநாடகத்துக் கோலாரில் பிரித்தெடுத்த வைரஸைக் கொண்டு ஆக்கிய இந்தியத் தடுப்பூசியும் 2013 இல் வந்தது.

வயலிலும் ஒரு காவல் உண்டு. மதுரையில் 1985 இல் அமைந்த மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையத்தார், வயலில் எப்போதும் நீர் நிறுத்தாமல் விட்டுவிட்டுப் பாய்ச்சினால் கொசுப்புழுக்கள் குறைவதைக் கண்டார்கள். எங்கள் பக்கத்து உழவர்கள் பயிருக்காகக் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்று சொல்லிவரும் முறைதான் இது. வயல் காய்ந்தால் பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. மாணவர்கள் சிரிப்பார்கள், சிரித்தாலும் மறக்கமாட்டார்கள்.

இறுதியாக, நீங்கள் ஒவ்வொருவரும் செய்யத்தக்கதைச் சொல்லிவிடுகிறேன். நாய் கடித்தாலும் கீறினாலும், அது தெரு நாயாயினும் வீட்டு நாயாயினும், அதனை மறைக்காதீர்கள். சுண்ணாம்பு வேண்டா, மிளகாய் வேண்டா. ஓடும் நீரில் சவுக்காரம் இட்டுப் பதினைந்து நிமிடம் புண்ணைக் கழுவுங்கள்; வைரஸில் பெரும்பகுதி அங்கேயே ஒழிந்துபோகும். அன்றே மருத்துவமனைக்குச் சென்று ஊசி போட்டுக்கொள்ளுங்கள். காயம் ஆழமானால், உடம்பு தானே எதிர்ப்பொருளை ஆக்கும் வரை காத்திராமல், ஆயத்தமான எதிர்ப்பொருளையே புண்ணைச் சுற்றிச் செலுத்துவார்கள். குறித்த நாள்களில் ஒன்றையும் தவறவிடாதீர்கள். உங்கள் தம்பி தங்கையர்க்குத் தடுப்பூசி நாள் வந்தால் தாய்க்கு நினைவூட்டுங்கள். மாலையில் கொசு கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாஸ்டர் முதல் பர்க் வரை ஒரு நூற்றாண்டுக் காலம் அறிஞர்கள் தேடியதன் பயன், ஒரு சிற்றூர்க் குழாயடியில் சவுக்காரத்தோடு நிற்கும் சிறுவனின் கையில் வந்து சேர்ந்திருக்கிறது. அவனுடைய மூளைக்கு அவனே முதற் காவலன். அந்தக் காவலை நீங்கள் ஒவ்வொருவரும் தவறாமல் மேற்கொள்ள வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.